சீனி கடிச்சத யாரு பாத்தா?

சங்கிலியா? என்னோடதுதாம்மா. பையில ஓட்ட விழுந்திருக்கு போல, நழுவிட்டு. காலுல பட்டுட்டோ? கொஞ்சம் எடுத்துக் குடு தாயி, எனக்குக் குனிய முடியாது.

ஆமா, நாய்ச் சங்கிலிதான். சீட்டுக்கு அடியில எல்லாம் பாக்காத, நாய் இல்ல. நாயக் கூட்டிட்டு வரத்தான் காலையில சுரண்டைக்குப் போனேன். வெறுஞ்சங்கிலியோட திரும்பி வாறேன்.

நீ எதுவரைக்கும்? புது பஸ் ஸ்டாண்டா? நான் பேட்டையில எறங்கணும். பக்கத்து வீட்டு எப்சி ரெண்டு தடவ போன் அடிச்சிட்டா. நான் எடுக்கல. எடுத்து என்னத்தச் சொல்ல?

நீ படிச்ச பிள்ளையாத் தெரியுத, நீயே சொல்லு. ஒரு நாய் ஒரு பிள்ளையக் கடிச்சிட்டுன்னு சொல்லுதாவ. கடிச்சத ஒருத்தரும் பாக்கல. ஒரே ஒரு ஆளு பாத்தாவ, அவியளுக்குப் பேச வராது. அப்பம் யாரு சொல்லத நம்ப?

எங்க வீட்ல அவியதான் அந்த ஆளு. கண்டக்டர். இருவத்தேழு வருசம் அரசாங்க பஸ்ஸுல இருந்தாவ. வெள்ளப்பாண்டி கண்டக்டர்னா பாபநாசம் ரூட்டுல தெரியாத சனம் கெடையாது. வாய் ஓயாது. பஸ்ஸுல ஏறுத கெழவி முதக்கொண்டு எல்லாத்தையும் பேர் சொல்லிக் கூப்புடுவாவ. ரெண்டு வருசத்துக்கு முன்ன, பங்குனி மாசம், குளிச்சிட்டு வந்த மனுசன் துண்டோட நடையில விழுந்தாவ. ஸ்ட்ரோக்கு. வலது கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு. போச்சுன்னா மொத்தமாப் போவல, ஒரே ஒரு வார்த்த மட்டும் மிச்சம் இருக்கு. என்ன வார்த்தங்கியா? 'ரைட்.' வெசிலு ஊதி ஊதிச் சொன்ன வார்த்தைல்லா, அது மட்டும் தொண்டையில எங்கனயோ ஒட்டிக்கிட்டு. பசிச்சாலும் ரைட். வயிறு நெறஞ்சாலும் ரைட். மவன் ஓசூர்லேருந்து ஓடி வந்து காலப் புடிச்சிட்டு அழுதான், அதுக்கும் ரைட்.

பெரியாஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குத பிள்ள சொல்லிச்சு: "அம்மா, அவங்க வாயில வர்றதப் பாக்காதீங்க. மனசுக்குள்ள எல்லாம் தெளிவா இருக்கு. ஒரு நேரத்துல ஒரு கேள்வி கேளுங்க. ஆமான்னா இடது கைய மடக்கட்டும், இல்லன்னா விரிக்கட்டும். பொறுமையா நில்லுங்க."

நின்னேன்மா, ரெண்டு நாளு. ஒரு கேள்விக்குக் கை மடங்க அர நிமிசம் ஆவுது. அடுப்புல பால் இருக்கும், வாசல்ல ஆளு நிப்பாவ, நான் இவிய கையவே பாத்துட்டு நிக்க முடியுமா? முப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு மொகத்தப் பாத்தாத் தெரியாதா? அவியளுக்கு நாந்தான் வாய். டாக்டர்ட்டயும் சரி, சொந்தக்காரங்கட்டயும் சரி, அவிய சொல்லதெல்லாம் நாந்தான் சொல்லுவேன். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு தப்புனது கெடையாது.

சீனி அவிய கொண்டாந்த நாய். டிப்போ வாசல்ல மழையில நனைஞ்சிட்டுக் கெடந்த குட்டி. நாட்டு நாய்தான், செவல நெறம், ஒரு காது மட்டும் மடங்கித் தொங்கும். இவியளுக்கு முடியாமப் போன பெறவு அது நாற்காலிக்கு அடியவிட்டு அசையாது. வாசல்ல ஒரு வாதாம் மரம், அதுக்கு அடியில பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில இவிய, அடியில அது. சாப்பாடு குடுத்தா இவிய ஒரு வாய் தின்னாத்தான் அது ஒரு வாய் திங்கும்.

யாரையும் கடிச்சதே கெடையாதும்மா. பால்காரன் கெண்டக்கால்ல ஒரு தடவ பல்லு பட்டுருக்கு. கேஸ்காரன் பேண்டப் புடிச்சு இழுத்துருக்கு, லேசாத் தோல் ஒரஞ்சிட்டு. அதெல்லாம் வெளையாட்டு. கடின்னு ஒண்ணு கெடையாது.

எங்க காம்பவுண்டுல ரெண்டே வீடு. வாசல் ஒண்ணு, கேட்டு ஒண்ணு. பக்கத்து வீட்லதான் எப்சிபா. நல்ல பிள்ள, குத்தம் சொல்லப்படாது. அவ மாப்ள மருந்துக் கம்பெனியில வேல, வாரத்துல நாலு நாளு வெளியூரு. ஒரே மவ ரூத். ஆறு வயசு, முன்பல்லு ரெண்டும் விழுந்த பிள்ள. பள்ளிக்கூடம் விட்டு வந்தா நேர எங்க வீட்டு அவியட்டதான். பழைய டிக்கெட்டு பேக்கு ஒண்ணு அவியட்ட இருந்துச்சு. அதத் தோள்ல மாட்டிக்கிட்டு, "தாத்தா, நீங்க பஸ்ஸு, நான் கண்டக்டர், போலாமா?"ன்னு கேக்கும். இவிய "ரைட்"ன்னு சொல்லுவாவ. அந்த ஒரு எடத்துலதான் அந்த வார்த்த பொருத்தமா வந்து விழும். ரெண்டும் அப்பிடிச் சிரிக்கும்.

எப்சி ஒண்ணு மட்டும் சொல்லி வெச்சிருந்தா. "தாத்தாட்ட வெளையாடு, நாயத் தொடாத. தொட்டேன்னா அடி விழும்." பிள்ளைய வளக்கவ, அப்பிடித்தான் சொல்லுவா. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல.

ஆடி மாசம், சனிக்கெழம, மத்தியானம் ஒரு மூணு மணி இருக்கும். நான் ரேசன் கடைக்குப் பாமாயில் வாங்கப் போயிருந்தேன். எப்சி மாடியில துணி எடுத்துட்டு இருந்தா. வாசல்ல இவிய, சீனி, அந்தப் பிள்ள. மூணு பேருதான்.

நான் தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டுட்டு. பிள்ள வீல்னு அழுவுது. அதுக்கு மேல இவிய சத்தம். "ரைட்! ரைட்! ரைட்!" நெஞ்சு வெடிக்க மாதிரி. பாமாயில் பாக்கெட்டு கையில இருந்தா ஓட முடியுமா, அங்கனயே போட்டுட்டு ஓடி வாறேன். பிள்ள கேட்டுப் பக்கத்துல நிக்கி. வலது முழங்கைக்குக் கீழ ரத்தம். சீனி நாற்காலிக்கு அடியில காதத் தாத்திக்கிட்டுக் கெடக்கு. இவிய நாற்காலியிலேருந்து பாதி சரிஞ்சு தொங்குதாவ.

எப்சி மாடியிலேருந்து எப்பிடி எறங்குனாளோ தெரியாது. "நாய் கடிச்சிட்டா? நாயா? சொல்லுட்டி!"ன்னு பிள்ளையப் போட்டு உலுக்குதா. பிள்ள "சீனி... சீனி..."ன்னுச்சு. அவ்வளவுதான் சொல்லிச்சு. நான் சொன்னேன், "எப்சி, கேட்டுல தகரம் பிஞ்சு தொங்குதுல்லா, அதுல கிழிச்சிருக்கும், பாரு"ன்னேன். அவ என்னய ஒரு பார்வ பாத்தா. பிள்ளையத் தூக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டா.

ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சொன்னாருன்னா, ரெண்டு எடத்துல ஆழமா இருக்கு, பல்லாவும் இருக்கலாம், தகரமாவும் இருக்கலாம், சந்தேகம்னு வந்துட்டா ஊசி போட்டுத்தான் ஆவணும்னுட்டாரு. காயத்துக்குள்ளயே ஊசி போட்டாவளாம். பிள்ள கத்துன கத்து வெளிய ரோடு வரைக்கும் கேட்டுச்சுன்னு அவ மாப்ள பெறவு சொன்னாரு. அதுக்கு மேல கையில நாலு தவண.

சாயங்காலம் அந்தத் தம்பி வந்து வாசல்ல நின்னாரு. கோவப்படல. மெதுவாத்தான் கேட்டாரு. "நாய்க்கு ஊசி போட்ட அட்ட இருக்கா அக்கா? டாக்டர் கேக்காரு." போட்டுருக்கேன்னு சொன்னேன். போட்டதுதான். ஆனா அது அவியளுக்கு முடியாமப் போறதுக்கு முந்தின வருசம். அதுக்குப் பெறவு எனக்கு நாய் நெனப்பு எங்க இருந்துச்சு? அட்டையத் தேடுனேன், கெடைக்கல. கெடைக்கலன்னா போடலன்னு ஆயிருமா?

ரெண்டு நாளு கழிச்சு மாநகராட்சியிலேருந்து ஒரு ஆளு வந்தாரு. கூட வலையோட இன்னொருத்தன். எங்க ஹவுஸ் ஓனரு ஒரு வாத்தியாரு, அவரும் வந்தாரு. வாசல்ல கூட்டம் கூடிட்டு. "கடிச்சத யாரு பாத்தா?"ன்னு அந்த ஆளு கேட்டாரு. எல்லாரும் திரும்பி நாற்காலியப் பாத்தாவ.

அவரு பக்கத்துல போயிக் குனிஞ்சு கேட்டாரு. "ஐயா, நாய் பிள்ளையக் கடிச்சுதா?"

"ரைட்."

"கடிக்கலையா?"

"ரைட்."

வலை வெச்சிருந்தவன் வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பிட்டான். கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சே சிரிச்சிட்டாவ. சிரிக்க விசயமாம்மா அது? இவியளுக்குக் கண்ணுல தண்ணி நிக்கி. இடது கைய மடக்குதாவ, மடக்குதாவ, நரம்பெல்லாம் பொடச்சு நிக்கி. சிரிச்ச கோவத்துல முஷ்டி மடக்குதாவன்னு நெனச்சேன். எனக்குப் பொறுக்கல. நாந்தான் முன்னால வந்து நின்னு சொன்னேன், "அவிய கடிக்கலன்னு சொல்லுதாவ. எனக்குத்தான் அவிய பேச்சு தெரியும். இசக்கியம்மன் மேல சத்தியம், கடிக்கல"ன்னேன்.

வாத்தியாரு சொல்லுதாரு, "ஆவுட, நீ ரேசன் கடையிலல்லா இருந்த"ன்னு. அதுக்கு நான் என்ன செய்ய?

மாநகராட்சி ஆளு நல்ல மனுசன். பத்து நாளு கட்டிப் போட்டுப் பாருங்க, நாய் நல்லா இருந்தா வெறி இல்ல, பிள்ளைக்கும் பயமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இந்தச் சங்கிலி அன்னைக்கு வாங்குனதுதான். சீனி கழுத்துல அதுவரைக்கும் ஒரு கயிறு ஏறுனது கெடையாது. பின்னால குளியலறைப் பக்கம் கட்டிப் போட்டேன். அது அங்கன ஊளையிடும், இவிய இங்கன நாற்காலியிலேருந்து "ரைட், ரைட்"னு சொல்லிட்டே இருப்பாவ. பத்து நாளும் அதுதான்.

பதினோராவது நாளு சீனி ஜம்முனு இருந்துச்சு. நான் நேர எப்சிட்டப் போனேன். "பாத்தியா எப்சி? என்னமோ சொன்னியளே"ன்னு கேட்டேன்.

அவ துணி மடிச்சிட்டு இருந்தா. நிமிந்து பாக்கல. "வெறி இல்லன்னுதான் ஆச்சு அக்கா. கடிக்கலன்னு ஆகலையே"ன்னா. பெறவு சொன்னா, "பத்து நாளாச்சு. நீங்க ஒரு நாளு வந்து பிள்ள கையப் பாத்தீங்களா? எப்பிடி இருக்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நீ சொல்லும்மா. நான் எப்பிடிப் போவேன்? போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்? மனசுக்குள்ள இருந்துச்சு, போவல.

ஒரு தடவ பிள்ளையத் தனியாப் பாத்தேன், குழாயடியில. நல்லபடியாத்தான் கேட்டேன். "ரூத்து, பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும். உள்ளதச் சொல்லு, தகரந்தான கிழிச்சுது?" பிள்ள ஆமான்னுச்சு. "அப்பம் சீனி கடிக்கலல்லா?"ன்னேன். அதுக்கும் ஆமான்னுச்சு. அப்பிடியே அழுதுட்டே ஓடிட்டு. எப்சி கேட்டா கடிச்சுதுன்னு சொல்லும், நான் கேட்டா கடிக்கலன்னு சொல்லும். பிள்ளைய என்ன செய்ய?

அதுக்குப் பெறவு எப்சி எங்கிட்டப் பேசல. பிள்ளையையும் விடல. வாத்தியாரு வந்து தீத்துச் சொல்லிட்டாரு, நாய் இருந்தா வீடு இல்லன்னு. இவியள வெச்சுக்கிட்டு நான் எங்கன போயி வீடு தேட? படி இல்லாத வீடு வேணும், கக்கூஸு உள்ள இருக்கணும். நாலு எடத்துல கேட்டுப் பாத்துட்டேன். கடைசியில எங்க பெரிய அண்ணனுக்குப் போன் போட்டேன். சுரண்டைக்குப் பக்கத்துல தோட்டம் இருக்கு. "அனுப்பு, இங்க கெடந்துட்டுப் போவுது"ன்னாவ.

அண்ணன் லோடு ஆட்டோவோட வந்தாவ, காலையில. சீனிய ஏத்த முடியல, நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்கி. அண்ணன் சங்கிலியக் கழட்டிட்டு, கயித்துல கட்டித் தூக்கிப் போட்டாவ. நான் போயி இவிய முன்னால நின்னு சொன்னேன், "தோட்டத்துலதான் விடப் போறோம், நல்லா இருக்கும், நான் மாசம் ஒருக்காப் போயிப் பாத்துட்டு வருவேன்." இவிய என்னயப் பாக்கல. வண்டியையே பாத்தாவ. பெறவு வாயத் தொறந்து, பையச் சொன்னாவ.

"ரைட்."

ஆட்டோக்காரன் அதக் கேட்டுட்டு வண்டிய எடுத்துட்டான்.

...கொஞ்சம் இரும்மா. தண்ணி வெச்சிருக்கியா? இல்ல, போதும்.

அன்னையிலேருந்து இவிய சரியாச் சாப்புடல. நாற்காலிக்கு அடியிலயே பாத்துட்டு இருப்பாவ. நான் வாரா வாரம் அண்ணன் வீட்டுக்குப் போன் போடுவேன். அண்ணன் பொண்டாட்டி, எங்க மயினி எடுக்கும். "சீனி எப்பிடி இருக்கு?" "நல்லா இருக்கு தாயி." அத வந்து இவியட்டச் சொல்லுவேன். "நல்லா இருக்காம், ஓடி ஆடித் திரியுதாம்." அன்னைக்கு மட்டும் ரெண்டு உருண்ட கூடத் தின்னுவாவ.

நாலாவது ஊசியும் போட்டு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. போன வாரந்தான் அந்தப் பிள்ள மறுபடி வந்துச்சு. எப்சி விட்டாளோ, தானா வந்துச்சோ. நான் அடுக்களையில மீன் கழுவிட்டு இருந்தேன். சன்னல் வழியாக் கேக்கு. இவிய முன்னால குத்த வெச்சு உக்காந்து, கையையே பாத்துட்டு, ஒண்ணொண்ணாக் கேக்கு.

"தாத்தா, சீனி கடிச்சதுக்காவ அதக் கொண்டு போயிட்டாவளா?"

கேட்டுட்டு அப்பிடியே காத்துக்கிட்டு இருக்கும்மா. ஆறு வயசுப் பிள்ள. அசையல. இவிய கை பைய மடங்குது.

"நான் அது காதுல உண்ணி எடுத்தேன்லா. இழுத்துட்டேன். அதுக்கு வலிச்சிட்டுல்லா?"

மடங்குது.

"நீங்க வேண்டாம் வேண்டாம்னுதான கத்துனீங்க?"

மடங்குது.

"நான் தொட்டேன்னு சொன்னா அம்மா அடிக்கும்னுதான் சொல்லல. இப்ப சொன்னா சீனி வந்துருமா?"

கை அப்பிடியே நின்னுச்சு. மடங்கவும் இல்ல, விரியவும் இல்ல.

நான் மீனப் போட்டுட்டு அங்கனயே நின்னுட்டேன். அன்னைக்கு அத்தன பேரு முன்னால அவிய மடக்குனது கோவம் இல்ல. ஆமான்னு சொல்லிருக்காவ. கடிச்சுதுன்னு அவியளே சொல்லிருக்காவ, நான் குறுக்க விழுந்து சத்தியம் பண்ணிருக்கேன்.

சரி, கடிச்சிருக்குன்னே வெச்சுக்கோம்மா. ஆனா உண்ணியப் புடிச்சு இழுத்தா யாருக்குன்னாலும் வலிக்கத்தான் செய்யும். அது பல்லு பட்டதுதான. கடின்னு சொல்ல முடியுமா?

அன்னைக்கு ராவே பிள்ள எப்சிட்டச் சொல்லிட்டு. மறுநாளு காலையில எப்சி எங்க வீட்டு நடைக்கு வந்துட்டா. மூணு மாசத்துக்குப் பெறவு. கண்ணு வீங்கிக் கெடக்கு. "அக்கா, எம்பிள்ள மேலயும் தப்பு இருக்கு. நாயக் கூட்டிட்டு வாங்க. ஊசி போட்டு, கட்டிப் போட்டு வளங்க. வாத்தியார்ட்ட நான் பேசுதேன்"ன்னா. பேசியும் முடிச்சிட்டா. நல்ல பிள்ளன்னு நான் சொல்லல? நான் "காப்பி குடிக்கியா?"ன்னு மட்டும் கேட்டேன். பிள்ள கையில தழும்ப அன்னைக்குத்தான் பாத்தேன். ரெண்டு புள்ளி, பக்கத்துல பக்கத்துல.

இன்னைக்குக் காலையில கெளம்பும்போது இவியளுக்கு மொகத்துல அப்பிடி ஒரு தெளிவு. தலைக்கு எண்ண தேச்சுவிடச் சொல்லிச் சீப்பக் காட்டுதாவ. மாப்ள வாரமாதிரி, நாய் வாரதுக்கு.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தோட்டத்துக்குப் போயிட்டாவ. மயினி என்னய உக்கார வெச்சு, காப்பி குடுத்து, என் சங்கிலியப் பாத்துட்டு அழ ஆரம்பிச்சிட்டு. "தாயி, ஒன்ட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒங்க அண்ணன் சொல்லிட்டாவ. நீ ஏற்கெனவே கஷ்டத்துல இருக்க."

வந்த மூணாவது நாளே கயித்தக் கடிச்சுத் துண்டாக்கிட்டுப் போயிட்டாம். கெழக்க பாத்து ஓடிச்சுன்னு வாய்க்கால்ல நின்ன பொம்பளைங்க சொல்லிருக்காவ. ரெண்டு நாளு தேடிருக்காவ. அதோட விட்டுட்டாவ.

நான் வாரா வாரம் கேட்டேனே, நல்லா இருக்குன்னு சொன்னியே மயினின்னேன். "நீ கேக்கும்போது வேற என்னத்தச் சொல்ல?"ன்னு கேக்கு. கோவப்படவும் தோணல. வெயில்ல ரோட்டோரமாவே நடந்தேன். சீனி, சீனின்னு கூப்புட்டுட்டே ரெண்டு ஊரு தாண்டிட்டேன். டீக்கடையில, செங்கச் சூளையில, எல்லாம் கேட்டேன். செவல நாய், ஒரு காது மடங்கியிருக்கும்னேன். இந்த ரோட்டுல செவல நாய்க்கா பஞ்சம்? மூணு மாசம் ஆயிட்டும்மா. சுரண்டையிலேருந்து பேட்ட முப்பது மைலுக்கும் மேல. அது வீட்டத் தேடித்தான் ஓடிருக்கும். நடுவுல எத்தன லாரி, எத்தன நாய்.

என்ன, சீதபற்பநல்லூர் தாண்டிட்டா?

வாசல்ல உக்காந்திருப்பாவ. பிள்ளையும் பக்கத்துல நிக்கும், ஸ்கூலு விட்டுருக்கும். அவியட்ட என்ன சொல்லுவேன்? பஸ்ஸுல ஏறுனதுலேருந்து யோசிச்சிட்டேதான் வாறேன். அண்ணன் பிள்ளைங்க விட மாட்டேன்னு அழுதுட்டு, அங்கனயே நல்லா இருக்கு, கொழுகொழுன்னு இருக்குன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். நம்பிருவாவ. எதுத்து ஒரு கேள்வியா கேக்கப் போறாவ? எப்பவும் போல நாந்தான சொல்லப் போறேன்.

ஆனா அந்தப் பிள்ள கேக்கும்மா. சங்கிலி ஏன் திரும்பி வந்துச்சுன்னு கேக்கும். நீங்க சீனியப் பாத்தீங்களான்னு கேக்கும். கேட்டுட்டு, அப்பிடியே மொகத்தப் பாத்துட்டு நிக்கும். அவியளும் பாத்துட்டு இருப்பாவ.

அந்தா, போன் அடிக்கி. எப்சிதான். அடிக்கட்டும்.

இது என்ன, பேட்டையா? ஆமா, பேட்டதான். அந்தா தெரியுதுல்லா பேக்கரி, அதுக்கு அடுத்த தெருதான். இல்லம்மா, நீ எந்திரிக்காண்டாம், உக்காரு. கண்டக்டர்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்.

நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாறேன்.